கண்டிச்சீமைக்கு ஒரு மாதம் பிந்திய பதில்

மேலப்பொட்டல், திருவரங்குளம் வழி
கீலக வருடம், பங்குனி 14

சிரஞ்சீவி மகன் பிச்சைமுத்துவுக்கும் மருமகள் அழகிக்கும் பேத்தி காமாட்சிக்கும் சின்னவனுக்கும் ஐயா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் ஆத்தாளும் கையூன்றி எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். மலைக் குளிரில் நீங்கள் நாலு பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று திருவரங்குளத்துச் சாமியை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

உன் கடிதம் மாசிப் பாதியிலேயே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ கோபப்பட்டாலும் நியாயம்தான், ஆனால் உடம்புக்கு ஏதோ என்று பயந்திருப்பாய், அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு சர்க்காரும் பேசி முடித்தபடி இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஒரு மனுப் பாரமும் அங்கேயே இருக்கிறவர்கள் ஒரு பாரமும் எழுதிக் கொடுக்க வேண்டும், தோட்டத்துக் கிளார்க்கையா நாள் கடத்தாதே என்கிறார், ஐயா எதை எழுதச் சொன்னாலும் அப்படியே எழுதிக் கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். நீ பதினாறு வயதில் உன் அத்தையோடு கப்பலேறிப் போனவன், அதன் பிறகு பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உன் தங்கை கல்யாணத்துக்கு வந்ததுதான். இந்தக் கேள்வியை நீ பத்து வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் கடிதம் வந்த அன்றே பதில் போயிருக்கும். இப்போது நாலு முறை எழுத உட்கார்ந்து நாலு முறையும் தாளை மடித்து வைத்துவிட்டேன். ஆண்டியப்பன் குடும்பத்துக்கு நடந்ததை உனக்கு முழுதும் எழுதாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. அவர்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள் என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டேன், அது என் தப்பு.

என் தம்பி மகன் ஆண்டியப்பன் அங்கே தங்கக் கொடுத்த தவணை முடிந்து குடும்பத்தோடு ராமேசுவரத்தில் வந்து இறங்கியது போன வருடத்துக்கு முந்தின தை மாதம். நான்தான் புதுக்கோட்டை ரயிலடிக்குப் போய்க் கூட்டி வந்தேன். ஒரு தகரப்பெட்டி, இரண்டு கம்பளி, தேயிலைப் பொட்டலம் பத்துப் பதினைந்து. அவன் பெண்சாதி செவந்தி மலையிலேயே பிறந்த பிள்ளை அல்லவா, மண்ணில் கால் வைத்ததும் இங்கே இவ்வளவு வெயிலா மாமா என்று கேட்டாள். மூத்தது ராசாத்திக்கு அப்போது ஒன்பது வயது, சின்னவன் கைப்பிள்ளை. தேயிலைப் பொட்டலத்தை ஊர் முழுக்க வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். நம் வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற கொட்டகையில் பாதியைத் தட்டி வைத்து அடைத்துக் கொடுத்தேன். மழை பெய்தால் தனிக் குடிசை போடலாம் என்று பேசிக்கொண்டோம்.

அவன் வெறும் கையோடு வரவில்லை என்றுதான் நினைத்தான். பதினேழு வருடம் தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைப் பாக்டரியில், தேயிலை காயவைக்கிற மெஷினை ஓட்டியவன், மெஷின் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் பழுது என்று சொல்லுவான் என்று துரை இங்கிலீசில் கையெழுத்துப் போட்ட தாள் வைத்திருந்தான். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கறம்பக்குடி அரிசி மில்லுக்குப் போனான். மில்காரர் நல்ல மனுசர்தான், தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “எம் மச்சினனே வேலையில்லாம உக்காந்திருக்கான் தம்பி, நெல்லு வந்தாத்தானே மில்லு ஓடும், மழை பேஞ்சா வாங்க பாப்போம்” என்று சொல்லி அனுப்பினாராம். புதுக்கோட்டையில் பஸ் பழுதுபார்க்கிற இடங்கள் எல்லாம் ஏறி இறங்கினான். திருச்சியில் வேலைக்குப் பதிந்துவைக்கிற ஆபீஸ் இருக்கிறது என்று யாரோ சொல்ல, உன் ஆத்தாள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றோடு அங்கும் போனான். அங்கே இருந்தவர் என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார். தேயிலை மெஷின் ஓட்டத் தெரியும் என்றிருக்கிறான். இந்த ஜில்லாவில் தேயிலை ஏதப்பா, எந்தப் பட்டியலில் எழுதுவேன் என்று அவரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கடைசியில் ஒரு அட்டையில் ‘கூலி’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினாராம். வந்து என்னிடம் அட்டையைக் காட்டி, “பதினேழு வருசத்தை ஒரே வார்த்தையில முடிச்சுட்டாக பெரியப்பா” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, கூலி வேலையாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. நம் பக்கத்து நிலைமை உனக்கு மறந்திருக்கும். வானம் பார்த்த பூமி, கண்மாய் நிறைந்தால் நடவு, களை, அறுப்பு என்று எல்லோருக்கும் கஞ்சி, நிறையாவிட்டால் கடலைக்கொல்லையும் முந்திரிக்காடும்தான். வருடத்தில் நாலில் ஒரு பங்கு நாள் வேலை இருந்தால் அதிகம், மீதி நாளெல்லாம் ஆள் ஆளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். கொல்லை வைத்திருக்கிறவர்கள் வழக்கமாக வருகிற ஆட்களைத்தான் கூப்பிடுவார்கள். செவந்திக்கு நடவு தெரியாது, சேற்றில் நிற்கவே வரவில்லை, பெண்கள் சிரித்தார்கள். ஆனால் கடலை ஆய்கிற வேலைக்குப் போனாள் பார், கொழுந்து பறித்த கை அல்லவா, மற்றவள் ஒரு படி ஆய்வதற்குள் இவள் இரண்டு படி ஆய்ந்தாள். ஆய்ந்ததில் பங்குதான் கூலி, இருந்த கடலையில் பெரும்பாதியை இவளே ஆய்ந்துவிட்டதால் மற்றவர்களுக்கு அன்று குறைந்துபோனது. மறுநாள் அவளை யாரும் கூப்பிடவில்லை. கைவேகமே அவளுக்குக் கெடுதலாகிவிட்டது.

இனிமேல் எழுதப்போவது என்னைப் பற்றியது, இதை நான் உன் ஆத்தாளிடம்கூட இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். போன ஆடியில் காட்டிலாகாவில் தைலமரம் வைக்கக் குழி வெட்ட ஆள் எடுத்தார்கள். கண்டிராக்டர் என்னைக் கூப்பிட்டு, “நீங்க சொன்னா ஊரு கேக்கும், இருவது ஆளைப் பொறுக்கி விடுங்க” என்றார். நாற்பது நாள் வேலை. விடிவதற்குள் வாசலில் அறுபது எழுபது பேர் நிற்கிறார்கள். நான் இருபது பேரில் ஆண்டியப்பனையும் சேர்த்து எழுதினேன். அன்று சாயங்காலமே ஐந்தாறு பேர் வந்து நின்றுகொண்டு, “சிலோன்காரனுக்கு வேலையக் குடுத்துட்டா எங்க புள்ளைக மண்ணையா திங்கும், ஒங்க ரத்தம்னா ஒரு நாயமா” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் பொய் இல்லை, அதில் ஒருவன் வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று எனக்கே தெரியும். நான் ஆண்டியப்பன் பெயரை எடுத்துவிட்டு அந்த ஆள் பெயரை எழுதினேன். ஆண்டியப்பனிடம் போய்ச் சொன்னபோது அவன் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். “சரி பெரியப்பா, நீங்க என்ன செய்வீங்க” என்று சொல்லிவிட்டுக் காம்பைக் கழற்றி வைத்தான். ஒரு சண்டை போட்டிருந்தால் தேவலை.

அதன் பிறகு அவன் இந்த ஊரில் வேலை கேட்கவில்லை. புரட்டாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை அறுப்புக்கு ஒரு கூட்டத்தோடு நடந்தே போனான், அங்கேயும் நாலு ஊர்க் கூட்டம் முன்னாலேயே வந்து காத்துக் கிடந்ததாம். ஐப்பசியில் குளிர்க்காய்ச்சலோடு திரும்பினான். அந்த இரண்டு மாதமும் செவந்தி பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கை அவித்து ஓட்டினாள். உன் ஆத்தாள் நம் பானையிலிருந்து கேப்பைக்கூழ் கொண்டுபோய் வைப்பாள், நம் பானையே எட்டிப் பார்த்தால் அடி தெரிகிற பானைதான். சின்னவனுக்கு வயிறு மட்டும் பெரிதாகி, கைகால் குச்சியாகிவிட்டது. ஒரு நாள் செவந்தி என்னிடம் வந்து முகத்தைப் பார்க்காமல் நின்றுகொண்டு, “பெரிய மாமா, ராசாத்திய எங்கயாச்சும் வீட்டு வேலைக்கு விட்டுருங்க, ஒரு வயிறாவது நெறயட்டும்” என்று சொன்னாள். ஆண்டியப்பன் கம்பளியைப் போர்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

திருமயத்துப் பக்கம் பெரிய வீடு ஒன்றில் சீதை ஆச்சி என்கிறவர்களுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டுக் கார்த்திகையில் நான்தான் ராசாத்தியைக் கூட்டிப் போனேன். பதினொரு வயது, தலையை எண்ணெய் வைத்து வாரிச் செவந்தி தன் சேலையைக் கிழித்துத் தாவணியாகக் கட்டிவிட்டிருந்தாள். புதுக்கோட்டையில் பஸ் மாறியபோது வடை வாங்கிக் கொடுத்தேன், பாதியைத் தம்பிக்கு என்று தாளில் சுற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். “எனக்கு அங்கன என்ன வேலை தாத்தா” என்று கேட்டாள். தொட்டில் ஆட்ட வேண்டும், குழந்தைக்கு விளையாட்டுக் காட்ட வேண்டும் என்றேன். “அதெல்லாம் ஒரு வேலையா தாத்தா, நான் தம்பியச் சும்மாவே பாத்துக்கிட்டேனே” என்று சந்தோசமாகச் சொன்னாள். அப்புறம், பள்ளிக்கூடம் இருக்குமா என்று கேட்டாள். மலையில் மூன்றாம் வகுப்பு வரை படித்த பிள்ளை. நான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அறுபத்தைந்து வயதில் ஒரு குழந்தையிடம் பொய் சொன்னேன் பிச்சைமுத்து.

ஆச்சி கெட்டவர்கள் இல்லை, “எம் பேத்தி மாரி பாத்துக்கிறேன், நீங்க கவலப்படாமப் போங்க” என்று சொல்லிப் பிள்ளைக்கு உடனே இலை போட்டுச் சோறு வைத்தார்கள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், தலை நிமிராமல் சாப்பிட்டாள். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள், அழவில்லை. “அம்மாட்ட சொல்லுங்க தாத்தா, இங்க காலையிலயும் சோறு போடுவாகளாம்” என்று சொன்னாள். அந்த வார்த்தையைச் செவந்தியிடம் வந்து சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தையில் நாங்கள் பிள்ளையைப் பார்க்கப் போகலாம் என்றிருந்தபோது ஒரு கார்டு வந்தது. ஆச்சி வீட்டார் எல்லோரும் மகன் தொழிலை முன்னிட்டுச் சென்னைப்பட்டணம் போய்விட்டார்கள், ராசாத்தியும் கூடப் போயிருக்கிறாள், சுகமாக இருக்கிறாள், கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தது. விலாசம் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன், ஆனால் போய்வர யாரிடம் வழி இருக்கிறது. செவந்தி நாள் தவறாமல் வந்து, தபால்காரர் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஆண்டியப்பன் இப்போது கல் உடைக்கப் போகிறான், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அவன் குடிக்கிறான் என்று யாராவது எழுதினால் நம்பாதே, பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

நீ அங்கே படுகிற பாட்டையும் நான் அறியாதவன் இல்லை. கடைத்தெருவில் கள்ளத்தோணி என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே ஆண்டியப்பனைச் சிலோன்காரன் என்கிறார்கள், அவனுக்கு இந்த மண்ணில் பிறந்த பெரியப்பன் ஒருவன் இருந்தும் நாற்பது நாள் வேலை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. உனக்கு நான் என்ன செய்துவிடுவேன். எனக்குள் ஆசை இல்லாமல் இல்லை. கண்ணும் முன்போல் தெரிவதில்லை, நீ பக்கத்தில் இருந்தால் என் காலம் நிம்மதியாகக் கழியும், வா என்று எழுதிவிடலாம் என்றுதான் முதல் தடவை தாளை எடுத்தேன். உன் ஆத்தாள்தான் தடுத்தாள். பன்னிரண்டு வருடமாக எம் புள்ளைய வரச் சொல்லி எழுதுங்க என்று என்னோடு சண்டை போட்டவள் அவள், உனக்கே தெரியும். அவள் அடுப்படியிலிருந்து வந்து, “காமாட்சிக்கும் ராசாத்தி வயசுதான். நான் எம் பேத்தி மொகத்தப் பாக்காமச் செத்தாலும் சரி, அது அடுத்த வீட்டுத் தொட்டில ஆட்ட வேணாம். அங்கிட்டே இருக்கச் சொல்லி எழுதுங்க” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்கே திரும்பிப் போனாள்.

ஆகையால் மகனே, நீயாக முந்திக்கொண்டு இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். அங்கேயே இருக்கிற பாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போடு, கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிப் பெட்டியில் வை. அந்தச் சர்க்கார் உன் மனுவைத் தள்ளிவிட்டால் அப்போது வேறு வழி இல்லை, வந்து சேருங்கள், இருக்கிற கூழை ஊற்றிக்கொள்வோம். காமாட்சியைக் கொழுந்து பறிக்க அனுப்பாதே, பள்ளிக்கூடத்தை நிறுத்தாதே. நீயும் ஸ்டோரில் வேலை பார்க்கிறவன், மெஷின் பக்கத்தில் தொளதொளத்த சட்டையோடு நிற்காதே. மாதாமாதம் உன்னால் ஆனதை அனுப்புகிறாய், அதில் பாதி கொட்டகைக்குப் போகிறது, அதற்காக நீ வருத்தப்பட மாட்டாய் என்று தெரியும். அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டால் நினைத்தபோது கப்பலேற முடியாது என்கிறார்கள். என் காரியத்துக்கு நீ வர முடியாமல் போனால் அதைக் குறையாக மனதில் வைக்காதே, ஆண்டியப்பனைக் கேட்டுவிட்டேன், அவன் கொள்ளி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். உன் ஆத்தாளுக்குப் பிள்ளைகள் படம் ஒன்று எடுத்து அனுப்பு, முகம் பெரிதாகத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். ஆயுசும் ஆரோக்கியமும் நிறைந்து, மனைவி மக்களோடு நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பாரம் கொடுக்கிற நாளை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் ஐயா
வீ. மலையாண்டி

இதற்கு மேல் ஒரு வரி. எழுதி முடித்ததை உன் ஆத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில் ஆகையால் மகனே என்பதற்கு அடுத்து ‘நீ வராதே’ என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டதும், “பெத்த புள்ளைய வராதேன்னு எழுதுவாகளா, அத அடிச்சிருங்க” என்று சொல்லித் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் கையை எடுக்கச் சொல்லி, அதை அடித்துவிட்டேன். மை சிந்தியிருப்பது அந்த இடத்தில்தான்.