ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்த கடிதம்

வெள்ளவத்தை,
11.02.2025

அன்புள்ள ஹரிசனுக்கு,

இதை வாசித்து முடிக்கும்வரை ஸ்பீக்கரைத் தொட வேண்டாம். மூடியைத் திறந்ததும் கண்ணில் படட்டும் என்றுதான் ஸ்பொன்ஞ்சுக்கு மேலே வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் உங்கள் மேசையில் கிடக்கும். போனில் சொன்னால் “பிறகு எடுக்கிறன்” என்பீர்கள். இந்தப் பெட்டியை மட்டும் வந்த அன்றே திறப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே இருவரும் சுகம். மாமிக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது. கோபத்தில் எழுத முன் ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்கேயோ வாசித்திருக்கிறேன். நான்கு நாள் பொறுத்தேன். குறையவில்லை.

உங்கள் ஸ்பீக்கர்களைக் கனடாவுக்குக் கட்டி அனுப்புவது எப்படி என்று ஒன்பது வொய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்கள். ஒன்பதையும் கடதாசியில் எழுதி வைத்துச் செய்தேன். முன்வலைகளைக் கழற்றித் தனியே சுற்றினேன். கோன்களுக்கு முன்னால் தடித்த மட்டை வைத்தேன். அடியில் இருந்த கூர்க்கால்களைக் கழற்றிப் பையில் போட்டேன். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை ரெஜிபோம் நுரைத்தட்டு. காலி வீதியில் கூரியர் கடை வைத்திருக்கும் நோபேட் அண்ணர் இருபது வருடமாக இதே வேலை செய்கிறவர். பெட்டியில் ‘கவனம்’ என்று நான் சிவப்பு மையால் எழுதப் போக, அவர் சிரித்தார். “அதை ஆர் தங்கச்சி வாசிக்கிறான்? முப்பத்தொரு கிலோ. கை நொந்தால் போடுவான். போட்டாலும் உடையாத மாதிரிக் கட்டுவம்” என்றார். அப்படியே கட்டினோம்.

மூன்றாம் நாள் கட்டுநாயக்கா விமான நிலையச் சுங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். பெட்டிகள் இரண்டும் வெட்டிப் பிரிக்கப்பட்டிருந்தன. ஸ்கேனில் ஸ்பீக்கர்களுக்குள் பொட்டலம் பொட்டலமாகத் தூள் தெரிந்ததாம். பின்பக்கத்தில் காற்றுப் போக இருக்கும் ஓட்டைக்குள் கம்பியை விட்டு இழுத்திருக்கிறார்கள். இடப்பக்க ஸ்பீக்கரின் பெரிய கோன் கிழிந்திருந்தது. மேசையில் ஆறு பைகள். வறுத்த மிளகாய்த்தூள் நான்கு, பனங்கிழங்கு ஒடியல்மா இரண்டு. அனுப்பியவர் நீர்தானே, உமக்குத் தெரியாமல் எப்படி உள்ளே போனது என்று ஒரு அதிகாரி சிங்களத்தில் கேட்டார். புதுக்கடை நீதிமன்ற வளவில் நாள் முழுக்க மற்றவர்களின் சத்தியக் கடதாசிகளை மொழிபெயர்ப்பவள் நான். அன்று என் பெயருக்கே ஒன்று எழுதிக் கொடுத்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று. அது உண்மைதான். ஆனால் அதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு நீங்கள் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக் கதைத்தீர்கள். பின்னால் உங்கள் நண்பர்கள் இருந்தார்கள். “இவவுக்கு ஒரு பெட்டி கட்டத் தெரியேல்ல மச்சான்” என்றீர்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமி எனக்கு எதிரே இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவர்தான் வைத்திருப்பார் என்று அப்போதே ஊகித்தேன். மகனுக்குத் தூள் அனுப்பாத தாய் இந்த லேனில் யாரும் இல்லை. வயதானவரின் ஆசை என்று என் வாயை மூடிக்கொண்டேன், பழியையும் வாங்கிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை, நான் கேட்காமலே மாமி சொன்னார்: “பிள்ளை, எனக்கு அந்த ஓட்டை கிடக்கிறதே தெரியாது. தம்பிதான் சொன்னவன், மூண்டு கிலோ பிடிக்குமெண்டு. நீர் ஓமெண்டு சொல்ல மாட்டீராம், நீர் வேலைக்குப் போனாப்பிறகு வைக்கச் சொன்னவன்.”

ஹரிசன், மாமியின் ‘தம்பி’ நீங்கள்தான்; அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தீர்கள்.

கிழிந்த கோனைத் தெஹிவளை ராசிக் நானா மாற்றித் தந்தார். சத்தத்தில் வித்தியாசம் இல்லை என்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து நானும் போட்டுக் கேட்டேன். உண்மையிலேயே நல்ல ஸ்பீக்கர்கள். பழைய மட்டைப்பெட்டி இனித் தாங்காது என்று நோபேட் அண்ணர் இம்முறை பலகையில் பெட்டி அடித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலில் இந்தக் கடிதத்தையும் எழுதச் சொன்னார். எழுதினேன். இந்தமுறை எனக்குத் தெரியாமல் உள்ளே எதுவும் இல்லை.

இவற்றை அனுப்பாமல் வைத்திருக்கலாம் என்றும் யோசித்தேன். வேண்டாம், உங்கள் சாமான் உங்களிடமே வரட்டும். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். கலியாணம் முடிந்து இரண்டு வருடம். என்னைக் கூப்பிடும் ஸ்பொன்சர் படிவத்தில் என் பக்கம் போன மார்கழியிலேயே நிரம்பிவிட்டது. உங்கள் கையெழுத்து மட்டும் “வாற கிழமை” வரும். எத்தனை வாற கிழமைகள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதைப் பற்றி ஒரு வொய்ஸ் மெசேஜ்கூட உங்களிடமிருந்து வரவில்லை. நான் வேலை செய்யும் சட்டத்தரணி சாமினி மிஸ் எனக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லி ஒரு வருடம். கனடா போகப் போகிறேன் என்று இரண்டு முறை மறுத்தேன். பங்குனி முடிவதற்குள் கடைசிப் பதில் கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?

பாரப் பெட்டிகளைப் பெறுபவரின் கையெழுத்து இல்லாமல் கொடுக்க மாட்டார்களாம். ஆகவே ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் இதை வாசிக்கிறீர்கள். எவ்வளவு நேரம் எடுத்தது? கடிதத்துக்குப் பின்னால் படிவத்தை வைத்திருக்கிறேன். மூன்று இடங்களில் பென்சிலால் புள்ளி இருக்கிறது. விருப்பம் இல்லை என்றால் அதையும் அதிலேயே குறுக்கே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அழமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எழுந்து வேலைக்குப் போவேன்.

இனி நீங்கள் ஸ்பீக்கரை வெளியே எடுக்கலாம். தனியே தூக்க வேண்டாம், ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பிடிக்கிற பாரத்தை ஒருவர் சொல்லாமல் கைவிட்டால், அது மற்றவரின் காலில்தான் விழும். பனியில் நடக்கும்போது கவனம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இன்றுவரை உங்கள் மனைவி,
ரூபிகா