ஆண் பூ இல்லாத விவரிப்பு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு, நாங்களும் இங்கே ஏறக்குறைய அப்படியே இருக்கிறோம் என்று தெரிவிக்கிறேன். முதலில் முக்கியச் செய்தி. உன் அப்பாவின் தாவரக் காப்பகத்தில் நிபுணர் குழு மறுபடியும் கூடி, புது மரத்தின் இலைக்கு அடியில் இருக்கும் மென்மயிர் துரு நிறமே, பழுப்பு அல்ல என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. துருப்பிடித்த ஆணி ஒன்றை இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். இயக்குநர் எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தாராம். தேநீர்தான் ஆறிப்போச்சு என்றார் அப்பா.

மரத்தைப் பற்றி உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். புதுச் சாலைக்காக அளவுக் குச்சி நட்டிருக்கும் காட்டில் அப்பா கண்டுபிடித்தது. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்கிறார். தெரிந்தது ஒரே ஒரு மரம், அதுவும் பெண் மரம். இந்த வகையில் ஆண் பூ ஒரு மரத்திலும் பெண் பூ இன்னொரு மரத்திலும்தான் பூக்குமாம். விவரித்து எழுதி, பத்திரிகை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தாலே போதும், சாலையைக் கொஞ்சம் வளைக்கச் சொல்லலாம். வராவிட்டால் அது விறகு. அப்பாவோ ஆண் பூவைக் கண்ணால் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்கிறார். பாதி முகத்தை வெச்சு யாராவது பாஸ்போர்ட் குடுப்பாங்களா என்று என்னிடம் கேட்கிறார், நான் என்னவோ பாஸ்போர்ட் அலுவலகம் நடத்துவது போல. அவருடைய நண்பர் ஒருவர் பெண் மரத்தை மட்டும் வைத்துப் புது இனம் என்று அறிவித்தார், அதன் ஆண் மரத்துக்கு வேறொருவர் முன்பே பெயர் வைத்துவிட்டிருந்தார். அந்த மனிதரை இன்னும் மாநாடுகளில் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அப்பாவுக்கு அந்தப் பயம். சாலைத் துறைக்கு நீங்களாவது எழுதுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டதற்கு, பேரே இல்லாத மரத்துக்கு நான் எப்படி சார் சிபாரிசு பண்றது என்றாராம். இருவர் சொல்வதும் நியாயமாகவே இருக்கிறது. என் கவலையே அதுதான்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளுக்கு நடுவே கிளைகள் அழுந்திக்கொண்டிருக்கின்றன, நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம். அந்த மரத்தின் காய்கள் குளிர்பெட்டியில் ஜாம் பாட்டிலில் சாராயத்துக்குள் மிதக்கின்றன, அடுத்த முறை வரும்போது அவசரப்பட்டு ரொட்டியில் தடவிவிடாதே. அத்தை வந்து உன் கல்யாணம் என்ன ஆச்சு என்று விசாரித்தாள். மரத்தையே நினைத்துக்கொண்டிருந்த அப்பா, ஆண் இன்னும் கிடைக்கல, காட்டுலதான் தேடணும் என்று பதில் சொன்னார். அத்தை அதற்குப் பிறகு போன் செய்யவில்லை.

இப்போது அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, மரம் ஏறுபவரோடு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைக்கு ஆண் மரம் தேடிப் போயிருக்கிறார். முட்டிவலிக்காரர், முட்டியில் மாட்டும் உறையைக் கூட மறந்துவிட்டுப் போனார். போன் போட்டாலும் எடுக்கவில்லை. சாலைக் குச்சிகளுக்கு இப்போது சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்களாம், சீக்கிரம் வெட்டப்போவதற்கு அடையாளமாம், காப்பகத்தில் இலை ஒட்டுபவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். விவரிப்பு முழுவதும் நான் தட்டச்சு செய்து என் கணினியில்தான் இருக்கிறது, ஆண் பூ என்ற இடம் மட்டும் காலி. பத்திரிகை ஆசிரியரின் முகவரியும் தெரியும். நேற்று அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவருடைய பெயரில் அவருக்குத் தெரியாமல் போவதா என்று எழுந்துவிட்டேன். இன்று காலையும் உட்கார்ந்தேன். மலையிறங்கியதும் முதலில் உன்னிடம்தான் பேசுவார். இருக்கறத வெச்சு அனுப்புங்கப்பா என்று நீ சொல்லு. நான் சொன்னால் மனைவி சொன்னதாகிவிடும்.

எங்கே இருந்தாலும் மனசுக்குக் குறையில்லாமல் நன்றாக இரு, கண்ணு. பல் வைத்தியரிடம் போ; வலி நின்றுவிட்டது என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: கடித உறையை ஒட்டாமல் வைத்திருந்த இந்த நாட்களில் அப்பா வந்துவிட்டார். ஆண் மரம் கிடைத்தது, பூவும் இருந்தது. விவரிப்பை முடித்து அனுப்பிவிட்டோம். பத்திரிகையிலிருந்து பதில் வருவதற்குள், பெண் மரத்தைச் செவ்வாய்க்கிழமை வெட்டினார்கள். சாலை அந்த இடத்தில் நேராகப் போகிறது.