மண்ணுக்குள் ஒரு சாடி

அக்டோபர் 6

பிந்திப் பிறந்த மகன் எலிஸ்பாருக்காக இன்று அரண்மனைத் தோட்டத்தில் மதுச்சாடியைப் புதைத்தோம். இனி அவன் கல்யாணத்தன்றுதான் திறப்போம். மலைக்கு அந்தப்பக்கம் ஆளும் என் சித்தப்பா மகன் தாமாஸ் வந்திருந்தான். மதுவில் வெள்ளியைச் சுரண்டிப் போட்டு, ஒரே கிண்ணத்தில் குடித்து, உடன்பிறப்புகளாகச் சத்தியம் செய்துகொண்டோம். "இனிமே உங்க கோட்டை வாசலை எனக்கு அடைக்கக் கூடாதுண்ணே" என்று சிரித்தான். என் மனைவி தாரெஜான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 19

நட்சத்திர நூலின் மொழிபெயர்ப்பில் சனி கிரகம் வரை வந்துவிட்டேன். சுகமான நாள்.

நவம்பர் 2

தாமாஸ் கூலிப்படை திரட்டுகிறானாம். தளபதி பப்புனா சொன்னார். வெள்ளி குடித்தவன் அப்படிச் செய்வானா?

"நீங்க வானத்தையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருங்க. வாசலை நான் பாத்துக்கறேன்" என்றாள் தாரெஜான். எரிச்சலாக வந்தது. எனக்கும் பயம்தான், அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 11

வாசலில் நிற்கிறான். விருந்துக்கு வந்தானாம். விருந்துக்கு எதற்கு இத்தனை குதிரை?

"திறக்காதீங்க ராஜா, உங்க கால்ல விழறேன்" என்கிறார் பப்புனா. சத்தியம் செய்த தம்பியை வெளியே நிறுத்தினால் நான் என்ன மனிதன்? திறக்கச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 14

என் தலைநகர் திபிலிசி எரியுது. நான் ஆசையா வச்ச அச்சுக்கூடம் போச்சு. பப்புனாவை வாசல்லயே வெட்டிட்டாங்க. நான்தான் திறக்கச் சொன்னேன். நான்தான் — என்னால எழுத முடியல.

டிசம்பர் 3

வடக்குப் பேரரசரிடம் படை கேட்கப் போகிறோம். கணவாயில் நின்று திரும்பிப் பார்த்தேன். பனி மட்டும்தான் தெரிந்தது.

"சாடி பத்திரமாத்தான் இருக்கும்" என்றேன்.

"இவன் கல்யாணத்துக்குள்ள திரும்பிடுவோமில்ல?" தாரெஜான் கேட்டாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறு ஆண்டு, ஆகஸ்ட் 20

வசந்தத்தில் படை தருவார்களாம். போன வசந்தத்துக்கும் இதையேதான் சொன்னார்கள்.

ஆறாம் ஆண்டு, அக்டோபர் 6

எங்களோடு வந்த குயவன் புதுச் சாடி ஒன்றைத் தூக்கி வந்தான். தாரெஜான் சொல்லி வனைந்ததாம். வோல்கா கரையில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் வீட்டின் பின்புறம் இடம் பார்த்து வைத்திருந்தாள்.

"யாருக்கும்மா?" என்று கேட்டான் எலிஸ்பார்.

"உன் கல்யாணத்துக்குடா."

என் சத்தியத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். மண்வெட்டியை வாங்கி நானே குழி வெட்டினேன்.