நான் பூசி அழித்த வரி

அண்ணாச்சி,

இன்று காலை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. ஸ்டென்சில் தாளில் தப்பாக அடித்துவிட்டால் மேலே பூசுவோமே ஒரு சிவப்பு மருந்து, அதற்கும் இதே வாடைதான். என் மடியில், நீங்கள் போனபிறகு வரப்போகிற உங்கள் கவிதைத் தொகுப்பின் மெய்ப்புத் தாள்கள் இருந்தன. ஒரு வாரமாகச் சுமந்துகொண்டு அலைந்தேன். தோளும் வலிக்கிறது, மனசும் விட்டுப்போயிற்று.

உங்களுக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. "அலமாரில ஏறுன கவித பொணம்லா" என்பீர்கள். துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற குமாஸ்தா வேலை. தலைமுடியை வெட்டமாட்டீர்கள், காலில் செருப்பு கிடையாது. கல்லூரி விழாவில் போர்த்திவிட்ட பொன்னாடையால், ஸ்டென்சிலிலிருந்து பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் உருளையின் மையைத் துடைத்த ஆள் நீங்கள். நான்தான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வீட்டுக்குப் போனதும், நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸின் தட்டச்சு இயந்திரத்தில் உங்கள் கவிதைகளை அடிப்பேன். அடித்து முடித்ததும் கையெழுத்துத் தாளைக் கிழித்துவிடுவீர்கள். பிரதி வாங்கியவரும் அன்றைக்கே படித்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும், யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உங்கள் சட்டம். "மனசுல நிக்காதது தாள்ல எதுக்குளா?" நல்ல சட்டம்தான், போங்கள். அதனால்தான் இன்று நான் இப்படி முழிக்கிறேன்.

முத்துக்குளிப்புக் கவிதையைச் சொல்கிறேன்.

மூச்சை விற்றான் குளித்தவன்.
மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கினார்கள்.

இதோடு முடிகிறது என்றுதான் ஊரே நினைக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சிப்பிக் குவியல் அழுகி நாறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு விலை பேசிய வியாபாரிகளில் உங்கள் அப்பாவும் ஒருவர், அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர் நீங்கள் என்று சொன்ன வரி. அதை நான் அடித்தும்விட்டேன். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். அப்போது உங்கள் அப்பா வாதம் வந்து படுக்கையில் கிடந்தார். முந்தின வாரம் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பய என்னயப் பத்தி எதும் எழுதுதானா?" என்று கேட்டார். "இல்ல மாமா" என்று சொல்லியிருந்தேன்.

சாத்தான்குளத்து வாத்தியார் மகள் நான். பெற்றவரை ஊர் சிரிக்கவிடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். அந்தச் சிவப்பு மருந்தை எடுத்து அந்த வரி முழுக்கப் பூசி, வாயால் ஊதிக் காயவைத்தேன். நீங்கள் திரும்பி வந்து வழக்கம்போலக் கையெழுத்தைக் கிழித்துப் போட்டீர்கள்.

சாயங்காலம் துறைமுக வாசலில் வேலை முடிந்து வந்தவர்களுக்குப் பிரதிகளைக் கொடுத்துவிட்டு வாசித்தீர்கள். கடைசிக்கு வந்ததும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கவிதை முடிந்தது என்று எல்லோரும் கை தட்டினார்கள். நடந்து வரும்போது சொன்னீர்கள்: "நல்லாத்தான் இருக்குளா. ஆனா இதுல நான் இல்லையே."

"விட்டுப்போச்சு அண்ணாச்சி" என்று பொய் சொன்னேன். கிழித்துப் போட்டதைத் திரும்ப எழுதுகிற வழக்கம் உங்களுக்குக் கிடையாது. பிரதிகள் அதற்குள் கைமாறிப் போயிருந்தன, யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? அதன்பிறகு எந்தக் கூட்டத்தில் அந்தக் கவிதையைக் கேட்டாலும், "தொண்ட சரியில்ல" என்று உட்கார்ந்துவிடுவீர்கள். அடுத்தவனைச் சுடுகிற கவிஞர் என்று சாகிறவரை உங்களைப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்டு நீங்கள் அலுத்துப்போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்போதும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணாச்சி.

இப்போது அந்த இரண்டு வரியைப் பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள். உங்கள் தம்பிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அது இல்லாமலே இத்தன வருசம் ஓடிட்டுல்லாக்கா. இப்ப எதுக்கு எங்க அப்பாவ இழுக்கிய?" என்றார். அவர் கோபத்தில் தப்பில்லை. பதிப்பகத்துக்காரர்தான் பொறுமையாக, "வரியச் சொல்லுங்கம்மா, சேத்திருவோம்" என்றார்.

அங்கேதான் நான் செத்தேன். பொருள் நினைவிருக்கிறது. உங்கள் சொற்கள் இல்லை. 'அப்பன்' என்று எழுதினீர்களா, 'தகப்பன்' என்றா? ஒரு வாரமாக எழுதி எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மாதிரி வந்தது. அது நீங்கள் இல்லை.

மத்தியானம் மெய்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அட்டையிலிருந்து வரிகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். உள்ளே, கவிதைக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: 'இங்கே கவிஞர் தம் தகப்பனையும் தம்மையும் குற்றம் சாட்டிய ஒரு வரி இருந்தது. தட்டச்சு செய்தவள் அதை அழித்துவிட்டாள்.' அதன் கீழே என் பெயர். உங்கள் தம்பி இனி என் வாசல் மிதிக்கமாட்டார். மிதிக்காமல் இருக்கட்டும்.

உங்கள் கவிதைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம், அண்ணாச்சி. அந்த ஒரு வரியைத் தவிர.