சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

செவ்வாய், இரவு.

காலையில் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது செல்லம்மாக்கா சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு அங்கே வேறொருத்தி இருக்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து, இருதயத்தைக் காத்துக்கொள்ளச் சொல்லும் வசனத்தைச் சொல்லிக்கொண்டே அரிசி புடைத்தேன். நினைப்பு அடங்கவில்லை. முழங்காலில் நின்று, எங்கள் சபை வழக்கப்படி வாய்விட்டு ஜெபித்தேன். இவர் பேரையும் அந்தச் சந்தேகத்தையும் சொல்லியே அழுதேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை என்பதை மறந்துபோனேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பார்வதி கேட்டாள்: "ஏங்கக்கா, சாமிகிட்ட ஜெபம் பண்ணுனீங்களா, அண்ணன் மேல புகார் குடுத்தீங்களா? லயமே கேட்டுச்சு."

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மனதுக்குக் காவல் கேட்கப் போய், நானே அதை ஊருக்குத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் போனில் கோல் எடுத்தார். பார்வதி வீட்டு டீவி சட்டென்று அடங்கியது. கேட்க வந்ததை விழுங்கி, "சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல புள்ள. ஏன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"சளி" என்றேன். பொய் வேறு.

இப்போது உதடு அசையாமல் வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் இவர் முகம் வந்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறேன்.