மெதுவாக வருகிறவர் முன்னால்

அத்தா,

அன்று உங்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை. "போகாதீக." பிரான்மலை அடிவாரக் காட்டுச் சாலையில், மூன்றாவது மேட்டின் பாதியில், அந்த வார்த்தையை எதிர்பார்த்துத்தான் நீங்கள் கேட்டீர்கள். நான் வேறெதையோ சொன்னேன்.

இன்று காலை சைக்கிளின் வலது கைப்பிடியில் கண்ணாடியை மாட்டினேன். உள்ளங்கை அளவுகூட இல்லை. திருகு இறுகுவதற்குள் விரல் சிவந்துவிட்டது. பிறகு கோவிலூர்ப் பக்கம் கண்மாய்க் கரை வரைக்கும் ஓட்டிப் போனேன். கண்ணாடிக்குள் செம்மண் பாதையும் தைல மரங்களும் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தன. ஒரு வருடம், மகளுக்குப் பின்னால் இன்னொரு சைக்கிளில் நீங்கள் வந்தீர்கள். அப்போது என்னிடம் கண்ணாடி இல்லை.

இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு நீங்கள் காரைக்குடி வீட்டுக்கு ஒரேயடியாகத் திரும்பியபோது எனக்கு இருபத்தைந்து வயது. எனக்கு நினைவு தெரிந்து, விடுமுறைகளையெல்லாம் சேர்த்தாலும் நாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருடம் தேறாது. வந்து மாதக்கணக்கான பிறகும் சமையலறை வாசலில் நின்று, "சீனி எங்குட்டும்மா இருக்கு?" என்று கேட்பீர்கள். மின்விசிறியைப் போடுமுன் "போடவா?" என்பீர்கள். பீரோவில் அம்மா ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்திருந்தாள். அது காலியாகவே கிடந்தது. உங்கள் சட்டைகள் பெட்டியிலேயே மடிந்திருந்தன.

நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்லூரி நூலக வேலை முடிந்து வந்தால் ஒரு புத்தகத்தோடு அறைக்குள் போய்விடுவேன். ஒரு நாள் வாசலில் எட்டிப் பார்த்தீர்கள்.

"புத்தகத்துக்குள்ள போயிட்டா நீ திரும்பி வர விசா அடிக்கணும் போலயே."

அதுதான் என்னிடம் நீங்கள் செய்த முதல் கிண்டல். நான் சிரித்துவிட்டேன். அதில் தைரியம் வந்ததோ என்னவோ, மறுநாள் இரண்டு சைக்கிள்களோடு வந்து நின்றீர்கள்.

"ஒரு கண்டிசன். பஸ்ஸு, லாரி எதுவும் வராத ரோடா நீ பாத்துச் சொல்லு. ஹார்ன் சத்தம் காதுலயே விழக் கூடாது."

கைபேசி வரைபடத்தில் பெரிய சாலைகளை விட்டுவிட்டு, முடி போல ஓடும் கோடுகளைத் தேடுவது என் வேலையானது. கண்மாய்க் கரைகள், அமராவதிபுதூருக்குப் பின்புறமாகப் போகும் வண்டிப் பாதை, முந்திரிக் காட்டுக்கு நடுவே யாரோ போட்டு மறந்துபோன தார்ச் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் சுபுஹு தொழுததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம்.

முதல் நாள் நீங்கள் முன்னால் போனீர்கள். இரண்டு வளைவு தாண்டித் திரும்பிப் பார்த்தால் நான் இல்லை. கல் மேல் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பி வந்தீர்கள்.

"தப்பு என் மேலதான். பாலைவனத்துல நாலஞ்சு லோடு வண்டி சேர்ந்து போனா மெதுவா வர்றவனத்தான் முன்னுக்கு விடுவோம். வேகமா போறவன் முன்னாடி போனா மத்தவன் தனியாயிருவான். இனிமே நீ முன்னாடி போ."

"அப்ப நான்தான் மெதுவுங்கிறீக."

"நான் சொல்லல. நீ உக்காந்திருந்த கல்லு சொல்லுது."

அதன்பிறகு எப்போதும் நான்தான் முன்னால். முகம் பார்க்காமல் பேசுவது நம் இருவருக்குமே சௌகரியமாக இருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லாதவற்றைச் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நீங்களும் சொன்னீர்கள். மணற்புயலில் இரண்டு நாள் லாரிக்குள் அடைந்துகிடந்தபோது, மூன்றாம் வகுப்பில் நான் எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தீர்களாம்.

"அதுல என்ன இருந்துச்சு படிக்க? நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீகளான்னு மட்டுந்தானே எழுதுவேன்?"

"அதான். நல்லா இருக்கேன்னு ஒவ்வொரு வாட்டியும் மனசுக்குள்ள பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இவ்வளவு பேசியவர்கள் அந்த ஒரு வார்த்தையில் ஏன் தடுக்கினோம் என்று யோசித்தால், ஏழு வயதில் வாசலில் நின்ற வாடகைக் காருக்குத்தான் போய்ச் சேர்கிறேன். நீங்கள் ஏறப் போகையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு "போகாதீக அத்தா" என்று கத்தினேன். நீங்கள் காருக்குள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டீர்கள். கார் போனதும் அம்மா என்னைத் திட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"பயணம் சபருன்னு போறவுகள மறிச்சா அவுகளுக்கு அங்குட்டுப் போயி வேலை ஓடாது. வண்டி ஓட்டுற மனுசன். இனிமே அந்தச் சொல்ல எடுக்காதம்மா."

எங்கள் தெருவில் ஆள் பயணம் போகிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். போயிட்டு வாங்க என்பார்கள், திரும்பி உள்ளே வந்துவிடுவார்கள். நானும் பழகிக்கொண்டேன். அதன்பிறகு எத்தனையோ முறை உங்களை வழியனுப்பினேன். ஒருமுறைகூட அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

பழைய கம்பெனியிலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் தொலைபேசியில் பேசியதைக் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காகவும் நீங்கள் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுக்காத சட்டைகளைப் பார்த்து, உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சிங்கம்புணரிக்குச் சரக்கு ஏற்றக் காலியாகப் போன வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே டீக்கடைக்காரர் சைக்கிள்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பாய், பெட்ரோல் விலைக்குப் பயந்தா?"

"இருபத்திரண்டு வருசம் ஹார்ன் அடிச்சாச்சு. மிச்சத்துக்கு மணி அடிச்சுக்கிறேன்."

பிரான்மலையை ஒட்டிய சாலையில் நாம் போன இரண்டு மணி நேரத்தில் ஒரு வண்டிகூட வரவில்லை. காய்ந்த இலைகள் சக்கரத்தில் நொறுங்கும் சத்தம் மட்டும். இரண்டாவது மேட்டின் உச்சியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் நம்மை நிறுத்தினாள்.

"அப்பனும் மகளும் எங்கிட்டுப் போறீக?"

"சும்மாதான்" என்றேன்.

"இந்த மேட்டுல சும்மா ஏறுறவுகள இப்பத்தான் பாக்குறேன். என் ஆட்டையே அடிச்சுத்தான் ஏத்த வேண்டியிருக்கு."

நீங்கள் சத்தமாகச் சிரித்தீர்கள். சிரித்து முடிக்க வெகுநேரம் பிடித்தது. அது சிரிப்பு மட்டும்தான் என்று நினைத்தேன்.

மூன்றாவது மேட்டில் உங்கள் குரல் கொஞ்சம் தள்ளி, பின்னாலிருந்து வந்தது.

"ரெண்டு வருசத்துக்குக் கூப்பிடுறாய்ங்கம்மா. போகவா?"

சீனி எங்கே, ஃபேன் போடவா என்று கேட்கிற அதே குரல். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். போகாதீக என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் மடி நினைவுக்கு வந்தது. சாலையைப் பார்த்துச் சொன்னேன்.

"உங்க இஷ்டம் அத்தா."

உங்கள் சங்கிலிச் சத்தம் நின்றது. இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள் என்று தெரிந்தது. யோசிக்கிறீர்கள், தனியாக விடலாம் என்று நான் திரும்பவில்லை. மேட்டின் உச்சியில் காத்திருந்தேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். என் சைக்கிளின் கைப்பிடியைத் தட்டினீர்கள்.

"பின்னாடி என்ன நடக்குதுன்னே உனக்குத் தெரிய மாட்டேங்குது. அங்குட்டு நல்ல கண்ணாடி கிடைக்கும். வரும்போது வாங்கியாறேன்."

போவதென்று முடிவு செய்ததை அப்படித்தான் எனக்குச் சொன்னீர்கள். இறக்கத்தில் நான் முன்னால் போனேன்.

அன்று ராத்திரி அம்மாவிடம், "புள்ளகிட்டக் கேட்டேன். நான் இருந்தாலும் போனாலும் ஒண்ணுதான் போல" என்று சொன்னீர்களாம். இன்னொன்றை அங்கே போய் இரண்டு மாதம் கழித்து, தொலைபேசியில் அவளிடம் சொன்னீர்கள். இரண்டையும் அம்மா வெகுநாள் வைத்திருந்துதான் என்னிடம் சொன்னாள்.

"'சைக்கிள்ல மேடு ஏறையில மூச்சு வாங்குச்சு, கடைசியில நாந்தான் மெதுவு'ன்னாக. 'அவகிட்டச் சொல்லிருக்க வேண்டியதுதானே'ன்னேன். 'சொல்லிருந்தா என்னைய முன்னாடி விட்டுருப்பா, அப்புறம் அவளப் பாத்துக்கிட்டே போயிருக்க முடியாதே'ன்னாக."

நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த பத்தாம் நாள் புறப்பட்டீர்கள். நானும் அம்மாவும் வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்றோம். எட்டாவது மாதம் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டுவதற்காக அறை வாசலில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. காகிதங்கள் முடிய நான்கு நாள் ஆனது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். உங்களோடு அறையில் இருந்தவர் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மடித்த சட்டைகளுக்கு நடுவில், அட்டை பிரிக்காமல், கண்ணாடி இருந்தது.