ரஞ்சித் பேரில் படுத்திருந்தவர்

வியாசர்பாடி

அன்பு மகள் எழில்மொழிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை முடியவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் பேச்சே வராமல் அழுதுவிடுவேன், அதனால் நீ இருக்கிற மஸ்கட்டுக்குத் திரும்புகிற ரெஜினா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

போன தடவை நீ போன் செய்தபோது, அப்பா ஷட்டவுனில் இருக்கிறார், அதனால்தான் போனுக்கு வரவில்லை என்றேன், நீயும் நல்லதுதானேம்மா, கறிசோறுதான் என்று சிரித்தாய். நம் வீட்டில் அந்த வார்த்தை அப்படித்தானே. கரண்டு ஆபீஸ்காரன் ஷட்டவுன் என்றால் சாயங்காலம் வரை விசிறி ஓடாது, அவ்வளவுதான். திருவொற்றியூரில் உன் மாமா வேலை பார்த்த கம்பெனி ஷட்டவுன் என்று கேட்டைப் பூட்டியது, பூட்டினது பூட்டினதுதான், அவர் குடித்தே போய்ச் சேர்ந்தார். ஆனால் எண்ணூர்ப் பக்கம் பாய்லரை நிறுத்திச் சுத்தம் செய்கிற வருஷாந்திர ஷட்டவுன் வந்தால் நம்மைப் போன்ற காண்டிராக்ட் ஜனங்களுக்குத் தீபாவளி. நிறுத்துவது திரும்ப ஓட்டத்தான். அந்த வேலைக்குத்தான் அப்பா போனார், அது எப்போதோ முடிந்து புகைபோக்கி மறுபடி புகைகிறது. அவர்தான் வீடு திரும்பவில்லை.

வயசாகிவிட்டது என்று இந்த வருஷம் அப்பாவுக்கு கேட் பாஸ் தரவில்லை. பக்கத்து வீட்டுச் சிவந்தியின் புருஷன் ரஞ்சித் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தான், பாஸ் சும்மாதானே கீது, எத்துகினு போ மாமு என்று அவனே கொடுத்தான். ஷட்டவுன் கூட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் இருக்கிற முகத்தை யார் பார்க்கிறார்கள், நம் ஏரியாவில் பாதிப் பேர் அப்படித்தான் போய்வருகிறார்கள். நான் வேண்டாம் என்று கத்தினேன், அந்த மனுஷன் எந்த நாளில் என் பேச்சைக் கேட்டார். பாய்லருக்குள் சாரம் சரிந்து, இடுப்புக்குக் கீழே இரும்புக் குழாய்கள் விழுந்து நசுக்கிவிட்டன. பிரைவேட் ஆஸ்பத்திரியில் ரஞ்சித் என்று சேர்த்துவிட்டார்கள். சேர்த்தது காண்டிராக்டர் ஆள் பெனிட்டோ. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாயத் தொறக்காத அக்கா, பாஸ்ல இன்னா பேரோ அந்தப் பேருக்குத்தான் வைத்தியம், இன்னா ஆனாலும் அந்தப் பேர்லயே முடிச்சுக்கலாம் என்றான். முடிச்சுக்கலாமாம். பாவி. அன்றைக்கே சிவந்தி வந்து தலையில் அடித்துக்கொண்டாள், உசிரோட கீற என் புருஷனுக்கு சாவு சர்ட்டிபிகேட் வாங்கிடுவாங்களா அக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும், நீ வாயத் தொறந்து சொல்லு என்று. அவளை என்ன குற்றம் சொல்ல. சொன்னால் வைத்தியம் நின்றுவிடும், சொல்லாவிட்டால் உன் அப்பா ஊர் பேர் தெரியாமல் போய்விடுவார்.

டாக்டர் வந்து, கிட்னி ஷட்டவுன் ஆயிட்டிருக்கும்மா என்றார். நான் ஒரு கூமுட்டை, மறுபடி எப்போ சார் ஓடும் என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நர்ஸ் பெண் குனிந்து, ரஞ்சித், ரஞ்சித், கண்ணத் தொறங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அசைவில்லை. நினைவு இல்லை என்று எழுதப் போனாள். வேறு பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் எப்படியம்மா திரும்புவார்? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, உனக்கே தெரியும், ரேஷன் கடையில்கூட உன்னை விட்டுத்தான் சொல்லவைப்பேன். பெனிட்டோ அங்கேதான் நின்றிருந்தான். நான் அவர் காதுக்குப் பக்கத்தில் போய், வேலப்பா, யோவ் வேலப்பா, நான் வேம்பு வந்துகீறேன் என்று வார்டே திரும்புகிற மாதிரி கத்தினேன். கண்ணைத் திறந்தார். என்னைத் தேடிப் பார்த்தார். வேலப்பன் யாரு என்று நர்ஸ் கேட்டாள். இவருதாம்மா, என் வூட்டுக்காரரு என்றேன். திரும்பிப் பார்த்தால் பெனிட்டோவைக் காணோம்.

அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். உயிருக்கு உறுதி சொல்ல முடியாது, பார்க்கவேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்கிறார்கள். உன்னிடம் மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. கட்டில் தலைமாட்டில் அவர் பேரும் அவர் வயசும் சரியாக எழுதியிருக்கிறது, தினமும் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்கிறேன். எது நடந்தாலும் அவர் பேரில் நடக்கட்டும்.

லீவு கேட்டுக் கிளம்பி வா. வெறும் வயிற்றோடு விமானம் ஏறாதே. அப்பா பேர் போட்ட உன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை மறக்காமல் எடுத்து வா, கம்பெனிக்காரன் அவர் வேலைக்கே வரவில்லை என்கிறானாம், கேஸ் போட வேண்டிவந்தால் நீ அவர் மகள் என்று காட்டவேண்டும். ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயசு இருக்கவேண்டும். வார்டு வாசலில் யாரைப் பார்க்கணும் என்று கேட்டால் கூசாமல் பேரைச் சொல், நானும் இப்போது கூசுவதில்லை.

இப்படிக்கு உன் அம்மா,
வேலப்பன் பெண்டாட்டி வேம்பு